தனகோடிக்கு உப்பு ஆகாது

உப்பளத்தில் வேலை செய்துகொண்டே உப்பைத் திருடித் தின்ற ஒருத்தியை மரக்காணம் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிற சாமானைத் திருட யாருக்குத் தோன்றும்? எழுபத்துநாலாம் வருஷம் மாசி மாதத்தில் தனகோடிக்குத் தோன்றியது. தலைக்கூடையை அம்பாரத்தில் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கல் உப்பை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். அது கரைவதற்குள் அடுத்த நடை வந்துவிடும். இன்னொரு கல் உள்ளே போகும்.

மேஸ்திரி அப்பாதுரை ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, கூலி பத்தலன்னா வாயத் தொறந்து கேளு. அதுக்காக அளத்தையே தின்னு தீத்துடாத" என்றார்.

கூடை சுமந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தனகோடியும் சிரித்தாள். அவளுடைய நாத்தனார் கொளஞ்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சும்மாட்டைச் சரிசெய்கிற சாக்கில் அப்படியே நின்றுவிட்டாள்.

கொளஞ்சியம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. தாலியறுத்து எட்டு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. தம்பி தெய்வசிகாமணியின் வீட்டோடு வந்து சேர்ந்தவள். தம்பி உப்பு லாரியில் லோடுமேன். வேலூர், சேலம், தர்மபுரி என்று சுற்றிவிட்டுப் பத்து நாளைக்கு ஒருதரம் தலைகாட்டுவான். கழுவெளி ஏரி ஓரமாக ஊரைவிட்டுத் தள்ளி நின்ற அந்தக் கூரை வீட்டில் மற்ற நாளெல்லாம் அவன் பெண்டாட்டி தனகோடியும் கொளஞ்சியம்மாளும்தான். விடியுமுன் கேழ்வரகுக் கூழைக் கரைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு அளத்துக்கு நடப்பார்கள். வெயில் உச்சிக்கு ஏறுமுன் திரும்பி, காலில் வெடித்த இடத்துக்கெல்லாம் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு சோறாக்குவார்கள். தனகோடி வாய் ஓயாமல் பேசுகிறவள். பாத்தியில் வந்து நின்ற கொக்கைப் பற்றிக்கூட அரைமணி நேரம் பேசுவாள். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அந்த வீட்டில் காற்றுச் சத்தம்தான். நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் இப்படி ஒத்துப்போவதைப் பார்த்து ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது.

தை கடைசியில் தனகோடியின் பேச்சு குறைய ஆரம்பித்தது. காலையில் குமட்டல். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்துக்கொள்வாள். மூன்று மாதமாக வீட்டுக்குத் தூரமாகவும் இல்லை. கொளஞ்சியம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் திறக்காத வயிறு திறந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். யாரிடமும் சொல்லாமல் ஐயனாருக்கு ஒரு சேவலை நேர்ந்துகொண்டாள். உப்புத் தின்பதெல்லாம் மசக்கை. ஒருத்தி சாம்பல் தின்பாள், ஒருத்தி அடுப்புமண் தின்பாள். அளத்துக்காரி வேறு எதைத் தின்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த இரண்டு மாதம் அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. பழைய புடவையைக் கிழித்துத் துவைத்து மடித்து வைக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

பங்குனியில் ஊருக்கு வந்த நர்சம்மா தனகோடியைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சோகையாக இருக்கும், டானிக் குடி என்று சொல்லிவிட்டுப் போனாள். தனகோடி அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொளஞ்சியம்மாள் மடித்து வைத்த துணிகளை எடுத்து அடுப்படியில் கரித்துணியாகப் போட்டாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு மாமன் ஞாபகம் வந்தது. அவள் புருஷன் மண்ணாங்கட்டியை அவள் மாமன் என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்கும் இதே போலத்தான். குமட்டல், அசதி, தின்றதெல்லாம் வெளியே வரும். முகம் கருத்துச் சுண்டிப்போனது. கால் மட்டும் வீங்கிப் பளபளவென்றிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். திண்டிவனத்து டாக்டர், "உப்பைக் கண்ணால பாக்கக் கூடாது" என்று கண்டித்துச் சொன்னார். அளத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் சொல்கிற பேச்சா அது? கால் வழியாக உப்பு உடம்புக்குள் ஏறிவிட்டது, இனி வாய் வழியாகவும் ஏறக்கூடாது என்று ஊர்க்காரர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். கொளஞ்சியம்மாளும் அப்படியே நம்பினாள். நாலு மாதம் உப்பில்லாமல் ஆக்கிப் போட்டாள். கடைசியில் ஒரு மத்தியானம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "ஒரே ஒரு வாய் கருவாட்டுக் கொழம்பு குடு கொளஞ்சி, அப்புறம் கேக்கவே மாட்டேன்." மனசு இளகிக் கொடுத்தாள். நாலாம் நாள் செத்துப்போனான். சொன்ன மாதிரியே அப்புறம் அவன் கேட்கவே இல்லை.

தன் கையால்தான் கொன்றோம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தம்பிக்குக்கூடத் தெரியாது.

இப்போது தனகோடியும் கருத்துக்கொண்டு வந்தாள். அளத்து வெயிலில் யார்தான் கருக்கமாட்டார்கள் என்று ஊர் சொன்னது. அவள் மாநிறக்காரி. முழங்கை, விரல் கணு, உள்ளங்கை ரேகையெல்லாம் மை தடவியது போலாகிவிட்டன. கொளஞ்சியம்மாள் முதலில் அவளை வேலைக்கு வரவேண்டாமென்று நிறுத்தினாள். அடுத்து உப்பை நிறுத்தினாள்.

"இன்னா அண்ணி இது, கொழம்புல உப்பே இல்ல?"

"இல்லதான். இனிமே உனக்கு உப்பு ஆகாது."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். உப்பேறிப் போச்சுடி உனக்கு. மாமனுக்கு ஏறுன மாதிரியே ஏறிப்போச்சு. பத்தியம் இருந்தாத்தான் எறங்கும்."

"என்னால முடியாது அண்ணி. வாயில வெச்சா வாந்தி வருது."

"வரட்டும். நானும் இதத்தானே துன்றேன்?"

உண்மைதான். கொளஞ்சியம்மாளும் அன்றிலிருந்து உப்பில்லாமல்தான் தின்றாள். மறைத்து வைத்தால் தேடி எடுத்துவிடுகிறாள் என்று உப்பு ஜாடியை ஒரு துணியில் கட்டி வேலைக்குப் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போனாள். உப்பளத்துக்கு உப்பைத் தூக்கிக்கொண்டு போன மனுஷி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அப்பாதுரை அதற்கும் ஏதோ கிண்டல் செய்தார். அவள் காதில் வாங்கவில்லை. தினமும் சாயங்காலம் தனகோடியின் கால் எலும்பின்மேல் கட்டை விரலை அழுத்திப் பார்ப்பாள். குழி விழாது. பத்தியம் வேலை செய்கிறது என்று நிம்மதியாகக் கையெடுப்பாள்.

சித்திரை முழுக்க இப்படிப் போனது. தனகோடி எழுந்து நடமாடத்தான் செய்தாள். எப்படி நடமாடுகிறாள் என்பது வைகாசி பிறந்தபோது தெரிந்தது. கொளஞ்சியம்மாள் பாயை உதறப்போனாள். பாய்க்கடியில் சப்பிப் போட்ட திருக்கைக் கருவாட்டு முள்.

கருவாட்டுக்காரி அன்னமேரி காலையில் குப்பத்திலிருந்து கூடையோடு அந்த வழியாகத்தான் வருவாள். மறுநாள் கொளஞ்சியம்மாள் வேலைக்குப் போகாமல் வேலி ஓரம் காத்திருந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, மாதாவ கும்புடறவதானே நீ? நோயாளிக்கு உப்புக் கண்டம் குடுத்துக் கொல்லப் பாக்கறியே!"

அன்னமேரி கூடையை இறக்கி வைத்தாள். "நான் கொல்றேனா? அவ கேக்கறதப் பாத்திருக்கியா நீ? வேலியப் புடிச்சிக்கினு நிக்கிறா. துண்டு கருவாட்டுக்கு மனுஷப் பொறப்பு அப்படிக் கெஞ்சி நான் பாத்ததில்ல. எனக்கு மனசு கேக்கல."

"எனக்கும்தான் ஒரு வாட்டி மனசு கேக்கல. அதனாலதான் இப்படி வெள்ளச்சீல கட்டிக்கினு நிக்கறேன்."

அன்னமேரிக்குப் புரியவில்லை. ஆனால் கொளஞ்சியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாதத்தை விட்டுவிட்டாள். "இனிமே இந்தப் பக்கமே வரல தாயே" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். சொன்னபடியே வரவில்லை.

அன்று ராச்சோறு போடும்போது தனகோடி தட்டைத் தொடவில்லை.

"அண்ணி, நாக்கு ருசிக்கு கேக்கறன்னு நெனைக்கிறீங்க. உள்ள என்னமோ கேக்குது. நான் கேக்கல. எனக்கே அத நிறுத்தத் தெரியல."

"மாமனும் இதேதான் சொல்லிச்சு."

"நான் உங்க மாமன் இல்ல."

கொளஞ்சியம்மாள் தட்டை இன்னும் அருகே நகர்த்தி வைத்தாள். ஒருத்தரை இழந்தவளுக்கு அடுத்தவரைப் பார்த்தாலும் அந்த ஒருத்தர்தான் தெரிவார். அவளுக்குத் தனகோடி முகத்தில் மண்ணாங்கட்டி தெரிந்தான். அவனுக்குக் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டியதை இவளுக்குக் கொடுக்காமல் இருந்தாள். அதில் ஒரு பிடிவாதமும் இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது தனகோடி பின்கட்டில் வாந்தியின்மேல் கிடந்தாள். உடம்பு வைகாசி வெயிலில் ஜில்லிட்டிருந்தது. கையைப் பிடித்தால் நாடி எங்கேயோ நூல் போல ஓடியது. "தனம், ஏ தனம்" என்று உலுக்கினாள். கண் மேலே செருகியிருந்தது.

கொளஞ்சியம்மாள் அந்தக் கொதிக்கிற வரப்பில் செருப்பில்லாமல் அளத்துக்கு ஓடினாள். அப்பாதுரை எத்தனை கிண்டல்காரரோ அத்தனை நல்லவர். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு விடச் சொல்லி, தனகோடியை முன்சீட்டில் தூக்கிப் போட்டார். கொளஞ்சியம்மாள் பக்கத்தில் ஏறிக்கொண்டதும் டிரைவர் பாண்டிக்கு விட்டார். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது ஒருமுறை ஐயனார் கோவில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கோட்டக்குப்பத்துக் கடைகள் வந்தபோது தனகோடியின் மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். செத்துப்போனால் தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட அவள் நினைக்கவில்லை. நாளைக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வந்து பார்த்தாள். சின்ன வயசுதான், கண்ணாடி போட்டிருந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டிவிட்டு முகம் சுளித்தாள். தனகோடியின் உள்ளங்கையை விரித்து ரேகையைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தாள். ஈறில் திட்டுத் திட்டாக நாவல்பழம் தின்ற கறை. நர்சிடம் அவசரமாக என்னென்னவோ சொன்னாள். ஊசி போட்டார்கள். தலைமாட்டில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுக் கையில் ஊசியைக் குத்தினார்கள்.

"இன்னா தண்ணிம்மா அது?" என்று கொளஞ்சியம்மாள் நர்சைக் கேட்டாள்.

"சலைன்."

"அப்படின்னா?"

"உப்புத் தண்ணி."

கொளஞ்சியம்மாள் பாட்டிலைப் பிடுங்கத்தான் போனாள். "ஐயோ, அவளுக்கு உப்பு ஆகாதும்மா! நாப்பது நாளா பத்தியம் இருக்கறா!" என்று போட்ட கூச்சலில் டாக்டரம்மா திரும்பி வந்தாள்.

"நாப்பது நாளா உப்பே குடுக்கலியா?"

"ஒரு கல்லுகூட இல்லீங்க."

டாக்டரம்மா பாட்டில் சொட்டுவதைச் சரிபார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்துக் கொளஞ்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. "பொழைக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள்.

பிழைத்தாள். மறுநாள் காலையில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியின் ஊர் எது என்று விசாரித்தாள். நாலு மாதமாகக் காணாமல்போன அந்தப் பேச்சைக் கேட்டதும் கொளஞ்சியம்மாள் வராந்தாவுக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா அங்கேதான் அவளைப் பிடித்தாள்.

"உங்க அளத்துல பாத்திக்கு வரப்பு இருக்குமில்ல? அது ஒடைஞ்சா என்னாகும்?"

"தண்ணி ஓடிப்போயிடுங்க."

"இவங்களுக்கு அதான் நடந்திருக்கு. ரெண்டு கிட்னிக்கும் மேல குட்டியா ஒவ்வொரு சுரப்பி இருக்குது. அது ஒரு சாறு சுரந்து ரத்தத்துல விடும். ஹார்மோன்னு சொல்லுவோம். கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஆனா ஒடம்புல உப்ப நிறுத்தி வைக்கறது அதுதான். இவங்களுக்கு எப்பவோ டீபீ வந்து அந்தச் சுரப்பிய அரிச்சுட்டுப் போயிருக்குன்னு நெனைக்கறேன். சாறு இல்ல. உப்பு மூத்திரத்துலயே ஓடிப்போயிடுது. அதான் உப்பு உப்புன்னு கேட்டிருக்காங்க. அது ஆசையில்லம்மா, உயிர் கேட்டது."

"கருத்துப் போனாளே?"

"மூளைக்கு அடியில இன்னொரு சுரப்பி இருக்கு, மேஸ்திரி மாதிரி. கீழ சாறு வரலன்னா வேல நடக்கல, வேல நடக்கலன்னு ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கும். அது அனுப்பற சரக்கு ஏறி ஏறித்தான் தோல் கருக்கும். வெயில்ல கருத்திருந்தா வாய்க்குள்ள எப்படிக் கருக்கும்? வெயில் அங்க அடிக்குமா?"

கொளஞ்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷமாக நெஞ்சுக்குள் இருந்ததைக் கேட்டாள். மாமனுக்கு உப்பு கூடாதென்றார்களே, ஒரு வாய்க் குழம்பு கொடுத்ததில் நாலாம் நாள் போய்விட்டாரே என்றாள்.

"அவருக்குக் கிட்னியே கெட்டுப்போயிருக்கும். உப்பு வெளிய போக வழியில்லாம அடைச்சுக்கிச்சு. இவங்களுக்கு நேர் எதிர். ஆனா ஒரு வாய் கொழம்புல யாரும் சாகமாட்டாங்கம்மா. அவர் எப்படியும் போயிருப்பாரு. கேட்டதக் குடுத்தீங்களே, அது நல்லதுதான்."

எட்டு வருஷச் சுமை அந்த வராந்தாவில் இறங்கியது. இறங்கிய கையோடு அதே இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. கொடுத்திருக்கக் கூடாது என்று எண்ணிய இடத்தில் அவள் தப்பே செய்யவில்லை. கொடுக்காமல் இருந்ததைப் பெரிய காரியம் என்று எண்ணிய இடத்தில்தான் கொல்லப் பார்த்திருக்கிறாள். அன்னமேரியின் அந்தத் துண்டுக் கருவாடுதான் இத்தனை நாள் தனகோடியை நடமாட வைத்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஐந்தாம் நாள் தெய்வசிகாமணி வந்தான். அப்பாதுரை எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான். மாத்திரை ஆயுசு முழுக்க. காலை எட்டு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு அரை. சேர்ந்தாற்போல ரெண்டு நாள் விட்டால் திரும்பவும் இதே கதி. காய்ச்சல் வந்தால் கூட்டிப் போட வேண்டும், உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இடையஞ்சாவடில ஒங்க அம்மா வூட்டுல வுட்டுடறேன்" என்று பெண்டாட்டியிடம் சொன்னான். "ஆஸ்பத்திரியும் கிட்ட. மரக்காணம் வேணாம்."

"அண்ணி?"

"அது கெடக்கட்டும். அதுக்குத்தான் யாரும் வேணாமே, உப்பு ஜாடி இருந்தாப் போதும்."

கொளஞ்சியம்மாள் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். தம்பி பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கொண்டுவந்திருந்த பையில் தன் புடவையை மட்டும் தனியே எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டுக்குத் தனியே போய்க் கதவைத் திறப்பதை நினைத்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

தனகோடி தலையணையில் சாய்ந்தபடியே சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. மாட்ட எங்க கட்டுனோம்னே மறந்துடும். எட்டு மணி மாத்திரைய பத்து மணிக்குக் குடுக்கும், இல்லன்னா குடுக்கவே குடுக்காது."

"அதுக்கு?"

"நாப்பது நாளு ஒரு கல்லு உப்பு என் வாயில படாம கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாத்தாங்க இல்ல, அந்தக் கண்ணு வேணும் எனக்கு. அவங்க குடுத்தா ஒரு வேள தப்பாது. செத்தாலும் தப்பாது."

தெய்வசிகாமணி சட்டைப்பையில் பீடியைத் துழாவினான்.

தனகோடி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "இதுக்காக மனசு ஆறிப்போச்சுன்னு நெனைச்சுக்காதீங்க அண்ணி. வேலியப் புடிச்சிக்கினு நின்னது எனக்கு மறக்காது. உங்ககிட்ட எத்தினி வாட்டி சொன்னேன், நான் உங்க மாமன் இல்லன்னு."

"சொன்ன" என்றாள் கொளஞ்சியம்மாள்.

தனகோடி கண்ணை மூடிக்கொண்டாள். தெய்வசிகாமணி பீடி குடிக்க வெளியே போனான். நர்ஸ் ஒரு காகிதப் பொட்டலத்தில் மாத்திரையைக் கொண்டுவந்து, "சாயங்காலம் நாலு மணிக்கு அரை மாத்திரை, நீங்களே குடுத்துப் பழகுங்க" என்று கொளஞ்சியம்மாளின் கையில் வைத்துவிட்டுப் போனாள். அளத்தில் அவள் வெயிலைப் பார்த்து நேரம் சொல்கிறவள். வார்டுக்குள் வெயில் வரவில்லை. வாசலுக்குமேல் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. அதை எப்படிப் பார்ப்பதென்று அவளுக்குத் தெரியாது.

பக்கத்துக் கட்டில்காரியிடம் போனாள். "ஏம்மா, நாலு மணின்னா அந்த முள்ளு எங்க வரணும்?"

அவள் படுத்தபடியே கை நீட்டிக் காட்டினாள். சின்ன முள் அங்கே, பெரிய முள் உச்சியில்.

கொளஞ்சியம்மாள் முக்காலியை இழுத்து வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்துகொண்டாள். அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.